முந்தைய கணக்கீடு

ஜூலை 13, சனி

காலை 9.50க்கு நீதிமன்றக் குழந்தைகள் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். 12.00 வரை இருந்தேன். எதிர்மனுதாரர் சிந்துஜா குழந்தையைக் கூட்டி வரவில்லை. காவலுக்கு இருக்கும் ருக்குமணியிடம் நோட்டில் கையெழுத்து வாங்கினேன். இது பதினொன்றாவது சனிக்கிழமை.

உத்தரவு தெளிவாக இருக்கிறது. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, நீதிமன்ற வளாகக் குழந்தைகள் அறையில், தகப்பன் யுவராஜ் மகள் தன்ஷிகாவைப் பார்க்கலாம். யுவராஜ் என் மகன். சிந்துஜா என் மருமகளாக இருந்தவள். தன்ஷிகாவுக்கு ஆறு வயது. பிப்ரவரியில் வங்கி சிந்துஜாவைக் கொழிஞ்சாம்பாறைக்கு மாற்றியது. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் நடுவில் சோதனைச்சாவடி இருக்கிறது. சாவடியைத் தாண்டினால் கேரளம். கன்னியாகுமரிக்குப் போயிருந்தால்கூட நம் மாநிலம். முக்கால் மணி நேரத்தில் வேறு மாநிலம் போய்விட்டாள்.

யுவராஜும் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமையும் வேலை என்கிறான். பரவாயில்லை, என்னிடம் அவன் கொடுத்த பவர் இருக்கிறது. காட்டு நிலத்தின் கிரயத்துக்காக எழுதிய பொது அதிகாரப் பத்திரம்தான். அதில் ‘சகல வழக்குகளையும் நடத்தி’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி எனக்குப் போதும்.

முன்பெல்லாம் குழந்தை வந்த நாட்களில் நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். உத்தரவில் என் பெயர் இல்லை. ஜன்னல் வழியாக அவள் தலை மட்டும் தெரியும். இப்போது யாரும் வராததால் ருக்குமணி என்னை உள்ளேயே உட்காரச் சொல்கிறாள். நாற்காலி ஒரு சாண் உயரம். எழுந்திருக்க பிளாஸ்டிக் குதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேறு வழக்கின் குழந்தை ஒன்று, நான்கு வயதுப் பெண், தன் அப்பாவுக்காகக் காத்திருந்தது. என்னிடம் வந்து பொம்மை ரயிலுக்குச் சாவி கொடுக்கச் சொன்னது. பிறகு முதுகில் ஏற வேண்டும் என்றது. இந்த அறைக்கு ரயில், குதிரை, தாத்தா எல்லாம் நீதிமன்றமே வாங்கிப் போட்டிருப்பதாக நினைத்துவிட்டது போலும். முதுகுவலி என்று சொல்லி மறுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

வக்கீல் அங்கமுத்துவிடம் போனேன். தீர்ப்பைக் கேரளத்து நீதிமன்றத்துக்கு அனுப்பி அங்கே நிறைவேற்றக் கேட்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் நானே கண்டுபிடித்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தேன். விதிகளைப் படித்தே ஆய்வாளர்களை வாயடைக்க வைத்தவன்.

அங்கமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏனுங்க சென்னியப்பண்ணா, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒம்பது மணி பஸ்ஸப் புடிச்சா பத்து மணிக்கு அவங்க வாசல்ல நிப்பீங்க. போயிப் புள்ளயப் பாத்துட்டு வாங்களேன்.”

எந்த அதிகாரத்தில் போவது என்று கேட்டேன். அப்பாருங்கற அதிகாரத்துலதான், பேத்தியப் பாக்கற தாத்தாவுக்கு வேறென்ன வேணும் என்றார். அது சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். விருந்தாளியாகப் போனால் விருந்தாளியாகவே திருப்பி அனுப்பலாம். உத்தரவோடு போகிறவனை அனுப்ப முடியாது. முப்பத்தொரு வருடம் வாரியத்தின் அடையாள அட்டை இல்லாமல் ஒரு வீட்டுப் படி ஏறியதில்லை நான்.

இந்த மனுவைத் தன்னால் போட முடியாது என்று சொல்லிவிட்டார். நானே போடுகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

மோட்டார் காயில் புகைந்துவிட்டது. குடத்தில் தண்ணீர்.

ஜூலை 22, திங்கள்

8.10 பஸ். சாவடியில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேரளத்து நீதிமன்ற அலுவலகத்தில் ஓர் அம்மா நன்றாகத் தமிழ் பேசினார். என் காகிதக் கட்டை வாங்கிப் புரட்டினார். உத்தரவின் சான்றிட்ட நகல் வந்ததும் விரலால் தட்டினார். டக் டக்கென்று கேட்டது.

“இதை லேமினேட் செய்திருக்கா?”

ஆமாம் என்றேன். ரேஷன் கார்டு, ஓய்வூதியப் புத்தகத்தின் முதல் பக்கம், உத்தரவு, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன். மழை, கரையான், எண்ணெய்க்கை எதுவும் அண்டாது.

இதன் பின்பக்கத்தில் எங்கள் நீதிமன்றம் எழுதி முத்திரை வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் மை பிடிக்காது என்றார். எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதினார். ஊதினார். நான் விரல் வைத்ததும் கேரள நீதிமன்றத்தின் உத்தரவு என் கட்டைவிரலில் வந்துவிட்டது.

ஒரு வருடம் பாதுகாத்த உத்தரவு, பாதுகாத்ததனாலேயே செல்லாது. புது நகலுக்குப் பொள்ளாச்சி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

திரும்பும் பஸ் அவள் வங்கிக்கு எதிரே நின்றது. 1.25 முதல் 1.32 வரை. நான் சாலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

விண்ணப்பம் போட மனமில்லாமல், இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து ஓர் ஓரத்தை உரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் அழகாக வந்தது. அதோடு முத்திரையும் நீதிபதியின் கையெழுத்தில் பாதியும் வந்தன. வேட்டியில் ஒரு கறை.

ஜூலை 24, புதன்

புது நகலுக்கு விண்ணப்பித்தேன்.

ஜூலை 27, சனி

9.50 முதல் 12.00 வரை. வரவில்லை. பன்னிரண்டாவது. அந்தச் சின்னப்பெண் ரயிலோடு வந்தது. அதன் அப்பா 11.35க்குத்தான் வந்தார். அதுவரை சாவி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

புது நகல் வந்தது. மடிக்கவில்லை, பிளாஸ்டிக் போடவில்லை, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன். அதே அம்மா. இந்த முறை நிறைவேற்று மனுவின் படிவத்தைக் கொடுத்தார். ஏழாவது இடத்தில் ‘பொருளின் விவரம்’ என்று இருந்தது. அசையும் பொருளா, அசையாப் பொருளா?

யோசித்தேன். வீடு, நிலம், கிணறு அசையாதவை. குழந்தை பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அசைந்திருக்கிறது. அதனால்தான் வழக்கே. ‘அசையும்’ என்று எழுதினேன். அந்த அம்மா படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அதற்குப் பதிலாக ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதச் சொன்னார். பிறகு அடையாளம், வயது, உயரம்.

உயரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

எங்கள் வீட்டுச் சமையலறை நிலைக்காலில் கோடுகள் இருக்கின்றன. காப்பி பென்சிலால் நான் போட்டவை. கடைசிக் கோடு தன்ஷிகாவின் நான்காவது பிறந்தநாளில். மூன்றடி நான்கு அங்குலம். அதற்கு மறுமாதம் அவர்கள் போய்விட்டார்கள். ஜன்னலில் தலை மட்டும் பார்த்தவனுக்கு உயரம் எப்படித் தெரியும்?

வாரியத்தில் இதற்கு வழி உண்டு. வீடு பூட்டியிருந்தால் அட்டையில் ‘கதவு பூட்டு’ என்று எழுதி, போன முறை அளவையே போட்டுவிட்டு வர வேண்டும். யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றடி நான்கு அங்குலம் என்று எழுதினேன்.

“ஆறு வயசுக்கு இத்தனை குள்ளமா?” என்று கேட்டார் அந்த அம்மா.

முந்தைய கணக்கீடு என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

பதினான்காவது. வரவில்லை. கதவு பூட்டு.

ஆகஸ்ட் 28, புதன்

நோட்டீஸை நேரில் கொடுத்துச் சார்வு செய்ய நீதிமன்ற ஆமீன் போவார். மனுதாரர் கூடப் போய் வீட்டைக் காட்ட வேண்டும். ஆமீன் பெயர் சுகதன். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். முப்பது வருட சர்வீஸில் மாடு, டிராக்டர், ஒரு முறை அரிசி ஆலையின் கதவு எல்லாம் ஜப்தி செய்திருப்பதாகச் சொன்னார். பேத்தியைப் பார்க்க வாரண்ட் கேட்ட ஆள் நான்தான் முதல் என்றார். நான் பேத்தியைப் பார்க்கக் கேட்கவில்லை, தகப்பன் மகளைப் பார்க்கக் கேட்டிருக்கிறேன் என்று திருத்தினேன்.

மாலை 5.50க்கு வீட்டை அடைந்தோம். மாடி இல்லாத வீடு, பச்சை கேட். நான் கேட்டுக்கு வெளியே நின்று விரலால் காட்டினேன். அத்தோடு என் வேலை முடிந்தது. ஆனால் சுகதன் மணியை அடித்ததும் சிந்துஜா கதவைத் திறந்து, அவரைத் தாண்டி என்னைப் பார்த்துவிட்டாள்.

“வாங்க மாமா. ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க.” உள்ளே திரும்பி, “தன்ஷி, பொள்ளாச்சி அப்பாரு வந்திருக்காங்க, வா” என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்று புதன்கிழமை. மணி 5.50. இடம் நீதிமன்ற வளாகம் அல்ல. இந்த நிலையில் நான் குழந்தையைப் பார்த்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்று ஒரு வரி எழுதி மனுவையே தள்ளிவிடலாம். ஆறு மாத உழைப்பு. அவள் வேண்டுமென்றே செய்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

உடனே திரும்பி எதிர்வீட்டு மதில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். சுவரில் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் விளம்பரம் இருந்தது. மலையாளம் படிக்கத் தெரியாது. எழுத்துகளை எண்ணினேன்.

பின்னால் கொலுசுச் சத்தம் ஓடிவந்து கேட்டருகே நின்றது.

“அம்மா, அப்பாரு ஏம்மா செவுத்தப் பாத்துட்டு நிக்கறாங்க?”

சிந்துஜா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், இன்னும் பக்கத்தில்: “அப்பாரு, கண்ணாமூச்சியா?”

எழுத்துகளை முதலிலிருந்து எண்ணினேன். குரல் கேட்பதற்கு உத்தரவில் அனுமதியும் இல்லை, தடையும் இல்லை.

சுகதன் உள்ளே போய் டீ குடித்துவிட்டு 6.20க்கு வந்தார். கையில் முறுக்கு. “பெரியவரே, எனக்குப் பன்னிரண்டு ஜப்தி பாக்கி கிடக்கு. ஆனா இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததில்லை. கதவு திறந்திருக்கு, ஆள் கூப்பிடுது, கேட்டவர் சுவரைப் பார்த்து நிக்கிறார்” என்றார்.

சட்டம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சுகதன் எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். அந்த அம்மா தமிழில் படித்துச் சொன்னார். நோட்டீஸ் நேரில் சார்வு செய்யப்பட்டது. எதிர்மனுதாரர் மரியாதையாக நடந்துகொண்டார். வாசலில் சிறிய ஊதா நிற சைக்கிள் ஒன்று இருந்தது. அது யார் வாங்கியது என்று கேட்டதற்கு, ‘ஞாயிற்றுக்கிழமை அப்பா வர்றப்ப வாங்கிட்டு வந்தாங்க’ என்று குழந்தை சொன்னது.

கடைசி வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

யுவராஜுக்கு 7.15க்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. 7.40க்கு எடுத்தான். கேட்டேன். மறைக்கவில்லை. மார்ச்சிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போகிறானாம். தினமும் ராத்திரி வீடியோ காலில் பேசுகிறானாம். வாரத்தில் ஒரு கணக்கு வீட்டுப்பாடமும் அவன்தான் சொல்லித்தருகிறான்.

“நானும் சிந்துவும் பேசி முடிச்சுட்டமுங்கப்பா. சண்ட போட்டு என்ன ஆச்சு? புள்ள நல்லா இருக்குது. நீங்களும் விட்டுருங்க.”

அப்படியானால் அந்தச் சனிக்கிழமைகள்? பதினான்கு சனிக்கிழமைகள் நான் ஒரு சாண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது? நான் அப்படிக் கேட்கவில்லை. உத்தரவு சனிக்கிழமை என்று சொல்லியிருக்க, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது நீதிமன்ற அவமதிப்பு, தெரியுமா என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 31, சனி

ஐந்தாம் சனி. உத்தரவில் இல்லை. நாள் முழுக்க வீட்டில்.

அவமதிப்பு மனு எழுத உட்கார்ந்தேன். மனுதாரர்: யுவராஜ், அவருக்காகப் பவர் ஏஜெண்ட் சென்னியப்பன். எதிர்மனுதாரர் ஒன்று: சிந்துஜா. எதிர்மனுதாரர் இரண்டு: யுவராஜ். என் மகன் சார்பில் என் மகன் மேல். சட்டத்தில் இதற்குத் தடை இருப்பதாக எங்கும் காணவில்லை. இரண்டு பக்கம் எழுதியதும் பேனாவில் மை தீர்ந்தது. கடை பூட்டியிருந்தது.

தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேருந்து நிலையத்தில் தேங்காய் மண்டிக்காரர் கடை ஓரமாக 7.20 முதல் நின்றேன்.

7.50: திருப்பூர் பஸ்ஸிலிருந்து யுவராஜ் இறங்கினான். தோளில் பை. கையில் செவ்வகப் பெட்டி, கலர்த்தாள் சுற்றியது.
7.56: டீ குடித்தான்.
8.05: கொழிஞ்சாம்பாறை வழியாகப் போகும் பாலக்காடு பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம்.

எங்கள் வீடு பேருந்து நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை.

மாலை 6.40: திரும்பி வந்தான். பெட்டி இல்லை. கன்னத்தில் ஏதோ ஸ்டிக்கர், நட்சத்திரமாக இருக்கலாம். எடுக்க மறந்துவிட்டான்.
6.52: திருப்பூர் பஸ்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிய பிறகு, பழைய நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. வழக்கில் அது ஓர் ஆவணம். எண் மூன்று. சிந்துஜா இந்த வீட்டில் இருந்த கடைசி ஒன்றரை வருடம், அவள் வங்கிக்குக் கிளம்பும் நேரம், வரும் நேரம், போனில் பேசும் நேரம் எழுதி வைத்திருந்தேன். சந்தேகம் எதுவும் இல்லை. எழுதுவது என் பழக்கம். மீட்டர் ஓடுகிறது, அளவைக் குறிக்கிறோம். அவ்வளவுதான். கருத்து என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. நேரம் மட்டும். எல்லாம் உண்மை. ஒரு நிமிடம் கூடக் கூட்டியதில்லை.

ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் அதை அவள் பார்த்தாள். 9.10 முதல் 9.50 வரை நின்றபடியே முழுவதும் படித்தாள். அதையும் நான் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

9.50 முதல் 12.00. பதினைந்தாவது. யுவராஜ் பார்க்கிறான் என்று தெரிந்த பிறகும் நான் ஏன் வருகிறேன் என்று ருக்குமணி கேட்டாள். உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று விசாரணை. 10.15க்கே போய்விட்டேன். சிந்துஜா வந்திருந்தாள், வக்கீல் இல்லாமல். நானும் வக்கீல் இல்லாமல். நீதிபதி ஒரு பெண். தமிழ் பேசினார்.

முதலில் உத்தரவைப் படித்தார். நீதிமன்ற வளாகத்தில், இரண்டாம் சனிக்கிழமை. “இங்கே இரண்டாம் சனி விடுமுறை. கேட் பூட்டியிருக்கும். பூட்டிய கேட்டுக்கு முன்னால் குழந்தையைக் காட்ட வேண்டுமா?” என்று கேட்டார். உத்தரவில் கேட் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்றேன்.

பிறகு தகப்பன் எங்கே என்றார். நான் பவர் ஏஜெண்ட் என்று பத்திரத்தை நீட்டினேன். அதை நிதானமாகப் படித்தார்.

“இந்தப் பத்திரப்படி நீங்க அவருக்காகக் கையெழுத்து போடலாம், நிலம் விற்கலாம், வாடகை வாங்கலாம். சரி. அவருக்காக மகளைப் பார்க்கவும் முடியுமா?”

அவன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் நான் செய்யலாம் என்று இருக்கிறது என்றேன்.

“அப்போ குழந்தை உங்களை எப்படிக் கூப்பிடணும்? அப்பான்னா?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. நின்றேன். காகிதக் கட்டைப் புரட்டினேன்.

சிந்துஜா எழுந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். யுவராஜ் எழுதியது. மகளைத் தடையில்லாமல் பார்த்து வருகிறேன், எனக்குக் குறை எதுவும் இல்லை, என் தகப்பனாருக்குக் கொடுத்த பவரை ரத்து செய்துவிட்டேன். ரத்துப் பத்திரமும் கூடவே இருந்தது. தேதி செப்டம்பர் 4. தேங்காய் மண்டிக்காரர் கடை ஓரத்தில் நான் நின்றதை அவன் பார்த்திருக்கிறான்.

நீதிபதி, மனு முடித்துவைக்கப்படுகிறது என்றார். எனக்கு ஆட்சேபணை உண்டு என்றேன். நீங்கள் இதில் யார் என்றார். உத்தரவில் நான் இல்லை. பவர் இல்லை. மனு இல்லை. தாத்தா என்ற முறையில் தனியாக மனு போட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு முன்னால் குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சிந்துஜா நின்றாள். நான் அவளைக் கடந்து போக வேண்டியிருந்தது.

“மாமா, எனக்கு நாக்பூருக்கு மாத்தல் வந்திருச்சு. ஒண்ணாந்தேதி அங்க சேரணும். முப்பதாந்தேதி கெளம்பறோம்.”

நாக்பூர் மகாராஷ்டிரம். வேறு மாநிலம், வேறு நீதிமன்றம், வேறு மொழி. புதிதாக மனு, புதிதாக நகல். அதைத்தான் நான் முதலில் நினைத்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

“அதுக்குள்ள ஒரு நா வாங்க. எந்த நாளா இருந்தாலும் சரி. அவ கேட்டுட்டே இருக்கறா, கண்ணாமூச்சி அப்பாரு எப்ப திரும்புவாங்கன்னு.” அவள் கண் என் சட்டைப் பைமேல் இருந்தது. “நோட்ட மட்டும் கொண்டு வராதீங்க, மாமா. அது ஒண்ணுதான் கேக்கறேன்.”

1.10 பஸ்.

செப்டம்பர் 21, சனி

மூன்றாம் சனி.

நோட்டு இல்லாமல் போவதென்றால், போனேன் என்பதற்கு எதை வைத்து நிரூபிப்பது? நாளைக்கு யாராவது கேட்டால்?

செப்டம்பர் 23, திங்கள்

மோட்டார் காயில் கட்டி வந்தது. தண்ணீர் வருகிறது. நாக்பூரில் தீர்ப்பை நிறைவேற்றும் முறை பற்றிப் படித்தேன். ரயிலில் ஒரு நாள் ஆகும்.

செப்டம்பர் 25, புதன்

யார் கேட்கப் போகிறார்கள் என்று நேற்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அடித்துவிட்டேன். பிறகு அடித்ததை மறுபடி எழுதியிருக்கிறேன். பதிவு பதிவுதான்.

செப்டம்பர் 28, சனி

நான்காம் சனி. 9.50. பதினாறாவது.

மனு முடிந்துவிட்டது, இனி எதற்குக் கையெழுத்து என்று ருக்குமணி சொன்னாள். கேரளத்தில்தான் முடிந்தது, நம் உத்தரவு நிற்கிறது என்றேன். போட்டாள்.

10.20: ரயில் பெண் வந்தது. இன்று இன்னொரு பையன் புதிதாக வந்திருந்தான். அவன் என்னைக் கண்டு பயந்து அழுதான். அந்தப் பெண் அவனைச் சமாதானம் செய்தது. குதிரையைக் காட்டியது, ரயிலைக் காட்டியது, என்னையும் காட்டியது.

“பயப்படாத. அது கோர்ட்டுத் தாத்தா. யாரோடதும் இல்ல.”

10.40: நாற்காலியிலிருந்து எழுந்தேன். குதிரையைப் பிடித்து. ருக்குமணியிடம் இந்த நோட்டைக் கொடுத்து வைக்கப் போகிறேன். பேனாவையும்.

செப்டம்பர் 30, திங்கள்

நோட்டு இன்று காலைதான் கைக்கு வந்தது. ருக்குமணி பத்திரமாக வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். எனக்கு எதுக்குங்க உங்க மீட்டர் கணக்கு என்றாள்.

சனிக்கிழமை நடந்ததை எழுத உட்கார்ந்தேன். எழுத அதிகம் இல்லை. பச்சை கேட் திறந்திருந்தது. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில். தன்ஷிகா ஊதா சைக்கிளில் பெட்டிகளைச் சுற்றி ஓட்டிக் காட்டினாள். பாயசம் இருந்தது. சர்க்கரை எனக்கு ஆகாது, குடித்தேன். சிந்துஜா என் சட்டைப் பையைப் பார்த்தாள். காலிப் பை. இன்னொரு டம்ளர் ஊற்றினாள். நான் எழுதியதெல்லாம் உண்மைதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கிளம்பும்போது குழந்தை ஓடிவந்து என் முன்னால் நிமிர்ந்து நின்று, “நான் வளந்துட்டனா அப்பாரு?” என்று கேட்டது. கையில் பென்சிலும் இல்லை, டேப்பும் இல்லை. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, நேராக என் சட்டைக்கு இழுத்துப் பார்த்தேன். சட்டைப் பையின் அடித் தையல் வரை வருகிறாள்.

இன்று காலை 8 மணிக்கு அவர்கள் ரயில். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அழைத்தார்கள், ஆனால் அழுகை எனக்கு ஒத்துவராது.

மத்தியானம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறை நிலைக்காலில் முதுகு ஒட்டி நின்றேன். பையின் அடித் தையலுக்கு நேராகக் காப்பி பென்சிலால் கோடு போட்டேன்.

முந்தைய கணக்கீடு: மூன்றடி நான்கு அங்குலம்.
இன்றைய கணக்கீடு: மூன்றடி ஒன்பது அங்குலம்.

போன நேரமும் வந்த நேரமும் தெரியவில்லை. பார்க்க மறந்துவிட்டேன்.